புளியரை ஏற்றத்துக்கு முன் அமுக்காத பொத்தான்

முதலில் மன்னித்துவிடுங்கள். வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வண்டி ஓட்டவாவது தெரியும். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான். அதிலும் எதிரே பேருந்து வந்தால் ஓரமாக இறங்கி நின்றுவிடுவேன். டவுன் பஸ் நேரங்களை மட்டும் எழுதிவந்த இந்தத் தளத்தில் இப்படி ஒரு பதிவு எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

நேற்று வியாழக்கிழமை, அண்ணன் சாமுவேலோடு சங்கரன்கோவிலிலிருந்து புனலூருக்குச் சரக்கு வண்டியில் போய்வந்தேன். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக ஒரு பக்கம் 105 கிலோமீட்டர். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று கிளீனராகப் போனவன். நான் மின்பொறியியல் முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். இன்றுவரை அவன் ஓட்டுவது அடுத்தவர் வண்டி. சங்கரன்கோவில் பூச்சந்தை வியாபாரி மாடசாமி அண்ணாச்சி, கேரளத்துக்கு மல்லிகை அனுப்ப நிரந்தரமாக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குள்ள புனலூர் கடையில பூவு இறங்கணும். இறங்கிட்டுன்னா திங்கக்கிழமையில இருந்து லோடு ஒனக்குத்தாம்ல" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்தப் பயணம்.

வண்டி எங்களுடையதல்ல. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பட்டறை, பழைய டீசல் பிக்கப்பை மின்வண்டியாக மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தது. இதை ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வண்டி என்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தான். கூடவே ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் உண்டு. அது சக்கரத்தைத் தொடாது, ஜெனரேட்டர் போலக் கரண்ட் மட்டும் எடுத்துக் கொடுக்கும். வழக்கமான ஹைப்ரிட்டில் எஞ்சினும் மோட்டாரும் இரண்டுமே சக்கரத்துக்கு உழைக்கும். பிளக்கில் சொருக வேண்டியதில்லை, பேட்டரியும் சிறியது. ஹைப்ரிட்டில் இரண்டு பேர் சேர்ந்து தேர் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலோ ஒருவர் தேர் இழுக்க, இன்னொருவர் அவருக்குச் சோறு பொங்கிக் கொடுக்கிறார்.

காலை 10.15க்கு ஏறத்தாழ எழுநூறு கிலோ ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முந்தின இரவு வீட்டில் சார்ஜ் போட்டதில் மீட்டரில் 21 யூனிட் ஓடியிருந்தது. சத்தமே இல்லாத ஓட்டம். புளியங்குடிச் சாலையில் ஆடுகள்கூட ஒதுங்கவில்லை, ஹாரன் அடித்தே அண்ணனுக்குக் கை சலித்துவிட்டது. 11.15க்குக் கடையநல்லூரில் சாகுல் அண்ணன் சேர்ந்துகொண்டார். துபாயில் பத்து வருடம் பிக்கப் ஓட்டிவிட்டு வந்தவர், இப்போது சொந்தமாக ஒரு ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறார். அவருக்கும் புனலூரில் வேலை இருந்ததால், இரண்டு வண்டியையும் ஒரே சாலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பேசிவைத்திருந்தோம்.

"என்னலே சாமு, போனு மாதிரி ராத்திரி பூரா சார்ஜ் போட்டியா? எனக்கு அந்தச் சோலியே கெடையாது. பெட்ரோல ஊத்து, போய்க்கிட்டே இரு" என்றார்.

"எல்லாம் என் தங்கச்சி பாத்துக்கிடுவா. இன்ஜினியரு" என்றான் அண்ணன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தென்காசி தாண்டும்போது மணி 11.45. திரையில் 34 சதவீதம். வண்டியை ஒப்படைத்த பட்டறைக்காரர், மலையேறும் முன்பே ஜெனரேட்டர் பொத்தானை அமுக்கிச் சார்ஜைக் காப்பாற்றி வைக்கச் சொல்லியிருந்தார். அண்ணன் அதை மறக்கவில்லை.

"ஏட்டி, இப்ப அமுக்கவா?"

"வேண்டாம்ணே. இன்னும் கரண்ட் இருக்குல்லா. தீரட்டும், எதுக்குப் பெட்ரோல வீணாக்கணும்?"

விறகு இருக்கும்வரை கேஸ் அடுப்பைத் தொடாத வீட்டில் வளர்ந்தவள் நான். மிச்சமிருந்த கிலோமீட்டரை மனதில் வகுத்துப் பார்த்தேன். ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

செங்கோட்டை தாண்டி, மலையேற்றம் தொடங்கும் புளியரை வளைவுக்கு வரும்போது 14 சதவீதம். பாதி வளைவில் அது பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியது. ஜெனரேட்டர் தானாக உறுமத் தொடங்கியது, ஆனால் வண்டியின் வேகம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு விழுந்தது. பேட்டரி கை விரித்துவிட்டால், அந்தச் சின்ன எஞ்சின் கொடுப்பதை வைத்துத்தான் ஏற வேண்டும். பசி எடுத்த பிறகு உலை வைத்த கதை. சாகுல் அண்ணனின் கார் ஒருமுறை முக்கியது, எங்களைத் தாண்டி ஏறிவிட்டது.

"மாப்பிள்ள ஊர்வலமால போறே? மேளத்தக் காணோம்!" என்று கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

எங்களுக்குப் பின்னால் பேருந்துகள், லாரிகள், ஐயப்பன் கோயில் வேன் எல்லாம் வரிசை கட்டின. ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஓய் பூ வண்டி! நீரு போய்ச் சேருததுக்குள்ள பூவு காயா காச்சிரும்வே!" என்று கத்தினார். பேருந்தே சிரித்தது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். வெயிலுக்கு மூடியதாக யாராவது நினைத்திருந்தால் நல்லது.

அகலமான ஓரம் கிடைத்ததும் அண்ணன் வண்டியை ஒதுக்கினான். ஐம்பது நிமிடம் அங்கேயே ஜெனரேட்டரை ஓடவிட்டு நின்றோம். கேனில் இருந்த தண்ணீரைச் சாக்குகளின் மேல் தெளித்துக்கொண்டே இருந்தான். வாசனை மெல்லக் கூடியது. மல்லிகைக்கு வாசனை கூடினால் மொட்டு விரிகிறது என்று பொருள், விலை இறங்குகிறது என்று பொருள். 

மீதி ஏற்றத்தையும் ஊர்ந்தே ஏறி, புனலூர் சேர்ந்தபோது 3.10. கடைக்காரர் ஒரு கை பூவை அள்ளிப் பார்த்து, யாருக்கோ போன் போட்டார். சற்று நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது.

"என்னல ஆச்சு? பூவு பாதி மலந்துட்டாம்லா!" மாடசாமி அண்ணாச்சியின் குரல் எனக்கே கேட்டது.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. தென்காசில ஒரு பட்டன அமுக்கணும். மறந்துட்டேன்."

"எட்டாங்கிளாசுக்காரன் கையில கம்ப்யூட்டர் வண்டியக் குடுத்தா இப்படித்தாம்ல. திங்கக்கிழம நீ வராண்டாம். வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

போன் வைத்த பிறகுதான், "ஏண்ணே பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"சும்மா இருட்டி. நான் படிக்காதவன்னு ஊருக்கே தெரியும், புதுசா என்ன போயிரப் போவுது? ஒன்ன இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கேன். அது போயிரக் கூடாதுல்லா."

இனி இந்த வழியில் வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு. ஒரு பக்கத்துக்கு எங்களுக்கு 21 யூனிட்டும், நின்று எரித்ததையும் சேர்த்து 3 லிட்டர் பெட்ரோலும் ஆனது; பெட்ரோலுக்கு 300 ரூபாய் சொச்சம். சாகுல் அண்ணனுக்கு 5 லிட்டர், 500 ரூபாய் சொச்சம். ஆனால் அவருடையது சுமை இல்லாத கார், இந்த ஒப்பீடு முழு நியாயமல்ல. அதே லோடுக்கு டீசல் பிக்கப் எட்டு லிட்டராவது குடிக்கும் என்கிறான் அண்ணன். தினமும் நூறு கிலோமீட்டருக்குள் சமவெளியில் ஓடி, இரவில் சார்ஜ் போட வசதி இருந்தால் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் லாபம். எந்நேரமும் மலை, சார்ஜ் போட இடமில்லை என்றால் ஹைப்ரிட் மனதுக்கு நிம்மதி. வாங்கும்போது பேட்டரி அளவை மட்டும் கேட்காதீர்கள். ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள், ஏற்றத்தில் உங்களைத் தூக்குவது அதுதான். மாற்றியமைத்த வண்டியென்றால் பதிவுச் சான்றில் அது ஏறியிருக்கிறதா, கேரள பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வீட்டு இணைப்பில் சார்ஜ் போடலாமா என்பதை மின்வாரியத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் விசாரிக்கவில்லை. பொத்தானைத் தென்காசியிலேயே அமுக்கிவிடுங்கள்.

வண்டியின்மேல் குறை இல்லை. ஓட்டியவன்மேலும் இல்லை. அவன் சரியான இடத்தில் சரியாகக் கேட்டான்.

நாளை சனிக்கிழமை, ஏலம் முடிந்து பத்து மணிக்கு மாடசாமி அண்ணாச்சி கடைக்கு நான் போகிறேன். அண்ணனுக்குத் தெரியாது. சந்தையில் அந்நேரம் நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் சத்தமாகப் பேசுகிறவர்கள். எனக்குக் குரல் எழும்புமா என்று தெரியவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது நாளை பூச்சந்தைக்கு வருவதாக இருந்தால், பச்சைச் சுடிதாரில் ஒருத்தி தயங்கி நிற்பதைக் கண்டால், எனக்காக எதுவும் பேச வேண்டாம். சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.