விசில் ஊத வராத நாட்கள்

ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து பனியனை நனைத்தது. முதலில் சொம்பைச் சந்தேகப்பட்டேன். வேறு சொம்பு எடுத்தேன். அதுவும் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால், முகத்தின் வலப்பக்கம் நான். இடப்பக்கம் யாரோ கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்.

பக்கவாதம் என்று நானே முடிவு கட்டினேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரி போகும் வழி முழுக்க மனைவியிடம் கடைசி விருப்பங்களைச் சொன்னேன். மாலை போட எந்த போட்டோ நல்லது, சாவுக்கு யார் யாரைக் கூப்பிடக் கூடாது. பாதி வார்த்தை காற்றாகப் போனது.

"ஒண்ணுமே வெளங்கலீங்க. ஆனா நிறுத்தவும் மாட்டேங்கறீங்க" என்றாள், என் கையை விடாமல்.

"புருவத்தத் தூக்குங்க" என்றார் மருத்துவர். வலது ஏறியது, இடது அசையவில்லை. அவர் முகம் தெளிந்தது. எனக்கு இன்னும் வியர்த்தது. பக்கவாதம் என்றால் பெரும்பாலும் இரண்டு புருவமும் ஏறி நெற்றி சுருங்குமாம். எனக்கு வந்திருப்பது முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலிழப்பது). இதை வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவும் பயத்தில் செய்தது.

ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கம் குறைய), கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க பிளாஸ்திரி, முகப் பயிற்சி. "நெறைய பேருக்குச் சரியாயிடும். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றார்.

அந்தச் சில பேர் நான்தான் என்று உறுதியாக நம்பினேன். கல்யாணப் பந்தியில் சிரிக்க வைத்தே சாம்பாரை ஆறவைப்பவன் நான். இனி என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். கண்ணாடி மேல் துண்டைப் போட்டேன். என் ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் அரூரிலிருந்து இந்திராணி அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை.

"ஏண்டா, மூஞ்சி பாதி லீவுல போயிருக்குதாமே? லீவு லெட்டர் குடுத்துச்சா?"

நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தேன், பாதி.

"அந்தத் துண்ட எடுக்க வேணாம். என் மூஞ்சியப் பாத்துச் செய்."

எதிரே உட்கார்ந்து புருவம் தூக்கினார், மூக்கைச் சுருக்கினார், கன்னத்தை உப்பினார். தினமும் பஸ் பிடித்து வந்து எனக்காகக் குரங்குச் சேட்டை செய்தார். முடிவில் விசிலைக் கழுவி என்னிடம் நீட்டுவார்.

"காத்துதான் அத்தை வருது."

"காத்து வருதில்ல? உசுரு இருக்குது. நாளைக்கு ஊது."

அவர் கால்கள் வீங்கியிருந்தன. கேட்டால், "பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தன்டா" என்பார். என் முகத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாத நாட்கள் அவை. நம்பிவிட்டேன்.

ஆறாவது வாரம் விசில் கீச்சிட்டது. தெருநாய் எழுந்து ஓடியது. அத்தை பாராட்டவில்லை. நாடாவை என் கழுத்தில் மாட்டி, "போயி கடையத் தொற" என்றார்.

அடுத்த ஆண்டு இதயச் செயலிழப்பில் (இதயத்தால் ரத்தத்தைப் போதிய பலத்துடன் இறைக்க முடியாத நிலை) அத்தை போய்விட்டார். அந்தக் கால் வீக்கத்துக்கு அப்போதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததை மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

அரூரில் உடலை எடுக்கும் நேரம் பழைய மாணவிகள் வாசலில் கூடினார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும்கூட. யாரும் சொல்லாமலே உயர வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற குள்ளமான அம்மா என் கழுத்தைப் பார்த்தார்.

"டீச்சரு விசில்தானுங்களே அது? ஊதுங்கண்ணா. ஊதாம நாங்க எப்பிடி நடக்கறது?"

ஊதினேன். அழுகையில் உதடு கோணி, காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன். வரிசை தெருமுனை வரை நடந்தது.

எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இடது கண், வலதை விட ஒரு கணம் பிந்தித்தான் மூடும். அத்தையின் மைதானத்தில் பிந்தி வருபவர்களுக்கு ஒரு ரவுண்டு ஓட்டம் உண்டு. ஆனால் அவர்கள் வராமல் அவர் ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. முன்பெல்லாம் முகம் கழுவுவது எனக்கு அரை நிமிட வேலை. இப்போது கண்ணாடி முன் நின்று அந்த ஒரு கணம் காத்திருக்கிறேன். வந்துவிடுகிறது.