நாற்காலியில் பத்து வாரம்

முதலில் நின்றுபோனது தலை வாருவது. ஒரு நாள் காலையில் சீப்பைப் பிடித்த வலது கை காதுக்கு மேலே ஏறவில்லை. வலி இருந்தது. ஆனால் வலியால் நிற்கவில்லை. கை போகவே இல்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி வாரி முடித்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். இத்தனைக்கும் நான் நர்ஸ். நோயைத் தள்ளிப் போடாதீர்கள் என்று பிறருக்குச் சொல்லியே பிழைத்தவள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஓமனில் வேலை பார்த்தேன். கருங்கல் பக்கத்தில் எங்கள் வீடு. கணவர் செல்வராஜ் பள்ளி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை வளர்த்ததும் வீட்டை நடத்தியதும் அவர்தான். நான் ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து போகும் ஆள். மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகுதான் வேலையை விட்டுத் திரும்பினேன். அதிலிருந்து இரண்டு ஆண்டுகளாக அவரும் நானும், ஒரே விடுதியில் தங்கும் மரியாதையான இரண்டு பேரைப் போல இருந்தோம்.

நாகர்கோவிலில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். "எத்தனை வருஷம் நோயாளிகளைத் தூக்கினீங்க?"

சொன்னேன். அவர் தலையாட்டினார். தோளைப் பிடித்து வைக்கும் தசைநார்கள் எப்போதோ அறுந்துவிட்டன, மூட்டும் தேய்ந்துவிட்டது என்றார். தலைகீழ் தோள் மாற்று (பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும் கிண்ணம் இருந்த இடத்தில் பந்தையும் பொருத்துவது, அறுந்த நார்களின் வேலையை வெளித்தசை ஏற்றுக்கொள்ளும்) செய்வது என்று முடிவாயிற்று.

இதே அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறுவையைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அது நீங்கள் தூங்கும்போது நடந்து முடிந்துவிடும். கழுத்தில் போட்ட மரப்பு ஊசியால் (கைக்குப் போகும் நரம்புகளை மட்டும் உறங்க வைப்பது) மறுநாள் காலை வரை என் கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல வயிற்றின் மேல் கிடந்தது. அது விழிக்கும் முன்பே வலி மாத்திரையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முழங்கை வரை கறுப்பும் மஞ்சளுமாக இரத்தம் கன்றும், விரல்கள் வீங்கும். அதுவும் போய்விடும்.

போகாமல் நிற்பது நாற்காலி.

படுத்தால் தோள் பின்னால் சரியும் என்பதால் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். அதற்காக செல்வராஜ் தன் சகோதரி வீட்டிலிருந்து ஆழமான சாய்வு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து முன் அறை ஜன்னலோரம் போட்டார். கை தொட்டிலில் (கழுத்திலிருந்து தொங்கும் துணிப்பை, இடுப்போடு ஒரு பட்டை) கட்டப்பட்டிருந்தது. டாக்டர் சொன்ன விதி ஒன்றே ஒன்று: "முழங்கை எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும். அது பின்னால போச்சுன்னா மூட்டு நழுவிடும். கையை ஊன்றி எழும்பவே கூடாது."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். மதிலில் ஒரு விரிசல். அதன் கிளைகளைக்கூட என்னால் இப்போது வரைந்து காட்ட முடியும்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் குளிக்கவில்லை. கட்டியிருந்த கையின் அக்குளிலிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியது. அந்த வாடை எனக்குத் தெரியும். அப்படி விட்டுவிட்ட நோயாளிகளின் உறவினரைக் கடிந்திருக்கிறேன். உதவிக்கு ஒரு பெண் வைக்கலாம் என்றேன். கணவர் போய்க் குளிக்க வெந்நீர் கலந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வெள்ளம் விளாவி வச்சிருக்கு. எழும்பு."

"நீங்க போங்க. ஒத்தக் கையால நான் குளிச்சுக்கிடுவேன்."

"நீ எத்தற ஆம்பளைகளைக் குளிப்பாட்டியிருப்ப? அவியளுக்கு நாணம் இல்லாமலா இருந்திருக்கும்?"

"அது வேலை."

"இதும் வேலைன்னு வச்சுக்க."

என்னைக் குனிந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிட்டு, ஈரத் துணியால் அக்குளைத் துடைத்தார். மெதுவாகத்தான் செய்தார். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மனிதர் பகல் வெளிச்சத்தில் என் உடம்பைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று யோசித்தேன். நரைத்ததும் தளர்ந்ததும் ஓமனில் நடந்தவை. அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் அவர் கையில். என் பிரஷில் பற்பசை வைப்பது, சோற்றைப் பிசைந்து கரண்டியோடு தருவது, கழிப்பறை வரை வருவது. அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்ததுதான் என்னை அரித்தது.

நான்காவது வாரக் கடைசியில் அவர் கருங்கல் சந்தைக்குப் போயிருந்தார். எனக்குச் சிறுநீர் முட்டியது. போன் மடியில்தான் இருந்தது. கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் மதிலைப் பார்த்தபடி அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு கைத்தொட்டிலைக் கழற்றி, இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழுந்தேன்.

தோளுக்குள் 'டொக்' என்றது. கதவின் தாழ் கழன்றது போல ஒரு சத்தம். பந்து வெளியே வந்துவிட்டது என்று உடனே தெரிந்தது. நின்றபடியே சிறுநீர் போயிற்று. அவர் வந்து பார்த்தபோது அதே ஈரத்தில் நின்றிருந்தேன்.

"தும்மினேன். நழுவிட்டு" என்றேன்.

அவர் துடைத்து, சேலை மாற்றிவிட்டு, கார் பிடித்து நாகர்கோவில் கொண்டுபோனார். அங்கேயும் தும்மல் என்றே சொன்னார். மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமல், இழுத்துப் பொருத்தினார்கள். மாலையில் டாக்டர் வந்து கேட்டார். "எப்படி ஆச்சு?"

கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என்னிடம் இதே கேள்விக்குப் பொய் சொன்ன எத்தனையோ நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள்.

"ஊன்றி எழுந்தேன், டாக்டர்."

"தெரியும். தும்மினா இப்படி வராது. இன்னும் ஆறு வாரம் கட்டு. இன்னிக்கு முதல் நாள்."

காரில் திரும்பினோம். தக்கலை தாண்டியதும் அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்.

"அங்க இருக்கும்பம் எல்லாத்தையும் போன்ல சொல்லுவ. பல்லு வலிச்சதையும் சொன்ன, செருப்பு கடிச்சதையும் சொன்ன. இருபத்திரண்டு வருசம். இப்பம் இத்தற பக்கத்துல இருந்துட்டு உன்னால சொல்ல முடியல்ல."

"அங்க இருந்து சொன்னா நீங்க வர முடியாதுல்ல. அதனால சொன்னேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வீடு வரை என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். இப்போது ஊன்றாமல் எழ முடிந்தது. மற்றபடி எதுவும் இலகுவாகவில்லை. ஆறு வாரமும் நாள் நாளாகவே கழிந்தது. நான் கேட்கப் பழகினேன். சில நாள் எரிச்சலோடு கேட்டேன். அவரும் சில நாள் எரிச்சலோடு வந்தார். அது எங்களுக்குப் புதிது. மரியாதையைவிடத் தேவலாம் என்று இருந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு பிசியோதெரபி (தசைக்கு மீண்டும் வேலை பழக்குவது). குனிந்து கையை ஊசலாட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது. வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏறினால் அதிகம்.

அறுவை முடிந்து இப்போது பத்து மாதம் ஆகிறது. வலி இல்லை. தலை வாருகிறேன். முதுகுக்குப் பின்னால் கை போகாது, இனி போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளாடையின் கொக்கிகளை செல்வராஜ் மாட்டிவிடுகிறார். தோள் இரும்பாகத் தோன்றுவதில்லை, என்னுடையதாகவும் இல்லை. அதனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அது யோசித்து முடிக்கும் வரை நிற்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு பூசையில் பிரசங்கத்துக்கு முன் சிலுவை போடும்போது இது நன்றாகத் தெரியும். நெற்றி, நெஞ்சு, பிறகு இடது தோள். கோயில் முழுக்க ஆமென் சொல்லி முடிக்கும்போது என் கை அங்கேதான் இருக்கும். எல்லாரும் உட்காருவார்கள். செல்வராஜ் மட்டும் உட்காராமல், பலிபீடத்தைப் பார்த்தபடி என் பக்கத்தில் நிற்பார். நான் அவசரப்படுவதில்லை. கை மெல்லத் திரும்பி வந்து வலது தோளைத் தொட்ட பிறகு, இருவரும் உட்காருவோம்.