வழியனுப்பிய பிறகும் ஊரில்

1956 ஏப்ரல் கடைசியில் பகவதி டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பிரிவுபசாரம் நடந்தது. விதவைக்குப் பூமாலை போடலாமா கூடாதா என்று மற்ற டீச்சர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி, கடைசியில் கதர் நூல்மாலை ஒன்றைப் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் அபிசீனியாவுக்கு டீச்சராகப் போய்ச் சங்கரன்கோவிலின் பெயரை விளங்க வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை பேசினார். பெண்பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பகவதியும் அழுதாள்.

அதற்கப்புறம் அவள் எங்கேயும் போகவில்லை.

பாஸ்போர்ட் வரவில்லை. அது வந்தால்தான் பம்பாயில் கப்பல் டிக்கெட் எடுக்க முடியும். வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்து விட்டாகிவிட்டது. மே மாதம் முழுக்க ரதவீதியில் கால் வைத்தால் யாராவது ஒருவர் கேட்டார்கள்.

"டீச்சர், இன்னும் கெளம்பலியா?"

முதலில் சிரித்துப் பதில் சொன்னாள். பிறகு கோயிலுக்குப் போகும் வழியை மாற்றினாள். மாற்றிய வழியிலும் கேட்டார்கள்.

பதினேழு வயதில் கல்யாணமாகி, இரண்டு வருஷம்கூட ஆகாமல் விஷக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். அப்போது உயிரோடிருந்த அப்பா அவளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அதன் பிறகு ஊரிலேயே வேலை. அம்மா பார்வதியம்மாளோடும் அண்ணன் குற்றாலிங்கத்தோடும் ஒரே வீடு. அண்ணன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அபிசீனியாவுக்கு ஆசிரியர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்து, வீட்டில் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டாள். "தனியாகப் போவீர்களா?" என்று மதராஸில் நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் "போவேன்" என்றாள். அந்த அவசரம் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இப்போது வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. டிரங்குப் பெட்டியில் புளியையும் வத்தலையும் அடுக்குவாள். மறுநாள் வெளியே எடுத்துத் துணிகளை அடியில் வைத்து மறுபடி அடுக்குவாள். குளிர் தேசம் என்பதால் திருநெல்வேலியில் வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு மச்சில் நடந்து பழகுவாள். கீழே அம்மாவின் தலைக்கு மேல் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். "ஏட்டி, ஒரு எடத்துல இரேன்" என்று அம்மா கத்துவாள்.

ஒரு நாள் பஸ் ஏறிக் கடையநல்லூருக்குப் போனாள். அங்கே ஹபீப் முகம்மது என்ற ஜவுளி வியாபாரி ஏடனில் கடை வைத்திருந்தவர், அபிசீனியாவுக்கும் சரக்கு கொண்டு போனவர் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவர் மனைவி மைமூனம்மாள் சர்பத் கொடுத்தாள். ஹபீப் முகம்மது நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார். மலைமேல் ஊர்கள், நடுங்குகிற குளிர், புளித்த மாவில் சுட்ட பெரிய தோசை, பச்சை இறைச்சி. பகவதி இறைச்சி என்றதும் முகம் சுளித்தாள்.

"பொம்பளைங்க என்ன உடுத்துவாங்க, பாய்?" என்று கேட்டாள்.

"வெள்ளதான் டீச்சரம்மா. கரை வச்ச வெள்ளத் துணி. கல்யாண வீடானாலும் வெள்ளதான், பெருநாளானாலும் வெள்ளதான். சின்னப் பிள்ள, கெழவி எல்லாரும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் தன் வெள்ளைச் சேலையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் எதிரே வருகிறவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். அங்கே யாரும் தயங்கப் போவதில்லை. அந்த நினைப்பு அவளைச் சந்தோஷப்படுத்தவில்லை, இன்னும் பரபரப்பாக்கியது. இன்றைக்கே போக வேண்டும் போலிருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. காலை மணிச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அவளையறியாமல் கை குடையைத் தேடும். அவள் வகுப்புக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து புதிய டீச்சர் வந்திருந்தாள்.

அந்த வாரம் கீழ ரதவீதியில் போலீஸ் ஏட்டு வெள்ளத்துரை சைக்கிளை நிறுத்தினார். அவர் மகள் பகவதியிடம் படித்தவள்.

"என்ன டீச்சர், கடைசியில போகலன்னு முடிவு பண்ணிட்டியளாமே?"

"யாரு சொன்னா?"

"ஒங்க அண்ணாச்சிதான். பாஸ்போர்ட்டு விசாரணைக்குப் போன மாசம் வீட்டுக்கு வந்தேன். நீங்க கடையநல்லூருக்குப் போயிருந்திய. 'தங்கச்சி மனச மாத்திக்கிட்டா, இனி வேண்டாம்'னு சொன்னாவ. நானும் அப்படியே எழுதி அனுப்பிட்டேன்."

"நான் மாத்தல ஏட்டையா. நான் போறேன்."

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அப்ப நாளைக் காலையில வாரேன். திருத்தி எழுதி அனுப்பிரலாம். ஆனா வீட்டுப் பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"நான் போகலன்னு ஏட்டையாகிட்ட சொன்னியா?"

குற்றாலிங்கம் மறைக்கவில்லை. "சொன்னேன். நீ அங்கன காய்ச்சலாக் கெடந்தா நான் எப்படி வாரது? ராத்திரி ரயிலேறி விடியக்காலம் வந்து நிக்கற ஊரா அது? ஆபீஸ்ல அவனவன் கேக்கான், தங்கச்சிய வச்சுப் பாக்க முடியலயான்னு."

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேப்பியா நீ?"

பகவதி அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "அம்மா, அண்ணன் சொல்லும்போது நீ எங்க இருந்த?"

"இங்கனதான்."

"கேட்டுச்சா?"

பார்வதியம்மாள் அரிவாள்மணையிலிருந்து தலை நிமிரவில்லை. "கேட்டுச்சு."

அண்ணன் சொன்ன பொய்யைவிட அந்த ஒற்றை வார்த்தைதான் பகவதியைச் சுட்டது.

மறுநாள் வெள்ளத்துரை வந்தார். குற்றாலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஏட்டு அவனைப் பார்க்காமல் உள்ளே பார்த்துக் கேட்டார்.

"பெரியம்மா, மக வெளிநாடு போறதுல ஒங்களுக்குச் சம்மதந்தானா?"

பார்வதியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"சம்மதம் இல்ல," என்றாள். "ஆனா அவ போவா. அப்படியே எழுதிக்கிடுங்க."

ஏட்டு பென்சிலோடு திகைத்தார். "ரெண்டையும் எழுத முடியாது பெரியம்மா. சம்மதம்னே போட்டுக்கிடுதேன்."

"போட்டுக்கிடுங்க."

குற்றாலிங்கம் ஆபீஸுக்குக் கிளம்பினான்.

ஆகஸ்ட் முதல் வாரம் பாஸ்போர்ட் வந்தது. ஆடித்தபசுக் கூட்டம் வடிந்திருந்தது. ரயிலடியில் அவள் வீட்டு ஆட்களைத் தவிர யாருமில்லை. இரண்டாம் முறை வழியனுப்ப ஊருக்குத் தோன்றவில்லை. அண்ணன் பெட்டியை ஏற்றி வைத்தான். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. "மதராஸ்ல கூட்டமா இருக்கும், பாத்து எறங்கு" என்று மட்டும் மூன்று முறை சொன்னான். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

செப்டம்பரில் அபிசீனியாவில் ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் பகவதி முதன்முதலாக வகுப்புக்குள் நுழைந்தாள். பெண்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னாள். அவள் உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை போலும், நின்றுகொண்டே இருந்தார்கள். வலது கையைக் கவிழ்த்து, இரண்டு மூன்று தடவை கீழே அமர்த்திக் காட்டினாள். முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பெஞ்சை விட்டு இறங்கி அவளை நோக்கி நடந்து வந்தார்கள். பின்வரிசையும் பின்னாலேயே வந்தது. கையைக் கவிழ்த்து அசைத்தால் அந்த ஊரில் 'வா' என்று அர்த்தம்; கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் வகுப்பு முழுவதும் மேஜையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தது.

பகவதிக்குச் சிரிப்பு வந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அப்படியே நின்றபடி பாடத்தை ஆரம்பித்தாள்.