நாலு கட்டையில் மரகதம்

கிராமபோனுக்குச் சுருதி போடுவதை உங்களில் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் யாழ்ப்பாணத்துக்கு வந்த புதிதில் பார்த்தேன். நீர்வேலியில் ஒரு கல்வீடு. விறாந்தையில் மேசைமேல் பாட்டுப்பெட்டி. பக்கத்தில் பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்து ஒருவர் சுருதிப்பெட்டியின் துருத்தியை அழுத்திக்கொண்டிருந்தார். தட்டு சுழன்றது. பாடகர் ஆரம்பித்துவிட்டார். அவர் ஒரு சுருதி, பெட்டி ஒரு சுருதி. வீட்டுக்காரர் எழுந்து போய்த் தட்டின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகைப் பிடித்துத் திருப்பினார். வேகம் குறையக் குறைய வித்துவானின் குரல் படிப்படியாக இறங்கி வந்து சுருதிப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பாட்டுக் கேட்கக் கூடியிருந்த சபையில் எல்லோரும் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். அந்த வித்துவான் எங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். அவரை நேரில் கேட்டவன் நான். பெட்டியில் வந்தது அவர் குரலே இல்லை.

நான் கும்பகோணத்துக்காரன். ஊரில் உத்தியோகம் கிடைக்காமல் கடல் தாண்டி வந்து, புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காவிரித் தண்ணீர் குடித்தவன் என்ற கர்வத்தைத் தவிரப் பெட்டியில் அதிகமாக ஒன்றும் கொண்டுவரவில்லை. அந்த நீர்வேலி வீட்டுக்காரர் அம்பலவாணர், மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். பாட்டுப்பெட்டி அங்கிருந்து கொண்டுவந்தது. துருத்தி அழுத்தியவர் அவருடைய மைத்துனர் வேலுப்பிள்ளை, புகையிலைத் தோட்டக்காரர். அவருடைய சுருதிப்பெட்டியில் மற்றச் சுருதிகளுக்கான நாக்குகளெல்லாம் பழுதாகி, நாலு கட்டைச் சுருதி மட்டும்தான் பேசும். ஆகவே அந்த வீட்டில் யார் பாடினாலும் நாலு கட்டையில்தான் பாடவேண்டும். ஆண் பாடகர்கள் பலர் அதை ஒட்டியே பாடுகிறவர்கள், அவர்களுக்குப் பெரிய சேதமில்லை. பெண்கள் சுருதி அதற்கு மேலே, அவர்கள் பாடு திண்டாட்டம்.

"தட்டை அதன் வேகத்தில் ஓடவிட வேண்டாமா?" என்று நான் முதல் நாளே கேட்டுவிட்டேன். வாத்தியார் புத்தி.

அம்பலவாணருக்குக் கோபம் வரவில்லை. "அதின்ரை வேகம் எண்டால் எது மாஸ்டர்? சுருதி சேராமல் ஓடுறதும் ஒரு வேகமே? அவர் எங்கடை வீட்டுக்கு வந்து பாடுறார். எங்கடை சுருதிக்குத்தானே வரவேணும்" என்றார்.

"அவர் பாடுகிற சுருதி வேறே" என்றேன்.

"ஓம், வேறைதான்" என்றார் வேலுப்பிள்ளை, நான் தம் கட்சி பேசுவதாக நினைத்துக்கொண்டு. "அதாலைதானே திருகினது."

எங்கள் ஊரில் சங்கீதம் கேட்பாரற்றுத் தெருவில் ஓடும். கோயில் வாசலில் நாகஸ்வரம், பக்கத்து வீட்டில் பெண்ணுக்குப் பாட்டு, கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நின்றால் கச்சேரி. ஆற்றுத் தண்ணீர் மாதிரி; யாரும் அளந்து குடிப்பதில்லை. இங்கே ஆறு கிடையாது. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, துலா என்கிற ஏற்றத்தில் ஏறி மிதித்து இறைத்தால்தான் வாழைக்குத் தண்ணீர். பாட்டும் பெட்டிக்குள் அடைத்துக் கப்பலில் வந்து இறங்கினால்தான் உண்டு. அதனால் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தட்டும் மனப்பாடம். சனிக்கிழமை பின்னேரம் கூடுவார்கள். அவரவர் இப்போது எந்தத் தட்டை அனுபவித்துக் கேட்கிறாரோ அதைக் கொண்டுவர வேண்டும். எந்த இடம் நெஞ்சைப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்ட பிறகு, விருப்பப்பட்டவர் அதை ஒரு வாரத்துக்கு வாங்கிப் போகலாம். சொந்தக்காரர் மறுக்கக் கூடாது. மறுத்தவர் யாரும் இல்லை.

என்னிடம் ஒரே ஒரு தட்டு இருந்தது. பாட்டுப்பெட்டி இல்லாதவன் தட்டு வைத்திருப்பதைப் பார்த்து வழியில் சுங்கக்காரர் சிரித்தார். அது என் தங்கை மரகதம் பாடியது. அவளுக்குப் பதினாறு வயதில், சென்னையிலிருந்து பதிவுக்காரர்கள் கும்பகோணத்துக்கு வந்து ஒரு சத்திரத்து மாடியில் தங்கினார்கள். அவள் பாட்டைப் பற்றி யாரோ சொல்லி, அப்பாவும் அரை மனதாகச் சம்மதித்தார். மைக் இல்லாத அந்தக் காலத்தில் ஒலியை வாங்கும் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். கீழ் ஸ்தாயியில் பாடகரைப் புனலுக்குக் கிட்டே தள்ளுவார்கள், மேலே போனால் பின்னால் இழுப்பார்கள். அதற்கென்று ஒரு ஆள் உண்டு. அந்நிய ஆண் தொடுவதா என்று அப்பா அந்த வேலையைத் தாமே செய்தார். பிலஹரி ராகத்தில் ஒரு பாட்டு. சரணத்தில் அப்பா அவளை அவசரமாகப் பின்னால் இழுக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பாடினாள். தட்டில் அந்த இடத்தில் குரல் ஒரு கணம் உடையும். அப்பா வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினார். அவள் அதற்கும் சிரித்தாள். சிரிப்பதற்கென்றே பிறந்த பெண். அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். தட்டின்மேல் அவள் பெயர்கூடக் கிடையாது, 'கும்பகோணம் ஒரு குடும்பப் பெண்' என்று போட்டிருந்தார்கள். விற்பனை ஆகவில்லை, மறுபடி அச்சிடவும் இல்லை. அவளைப் படம் எடுத்ததில்லை. எனக்குத் தங்கை என்று மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்பு உடையும் இடம் ஒன்றுதான்.

என் முறை வந்த சனிக்கிழமை அதைக் கொண்டுபோனேன். யாருடைய குரல் என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சபையில் பேசக் கூச்சம். பாட்டு ஆரம்பித்து ஒரு வரிகூட ஆகவில்லை, அம்பலவாணர் எழுந்துபோய்த் திருகைப் பிடித்தார். மரகதம் இறங்கினாள். ஐந்து கட்டையில் துள்ளிய பெண் நாலு கட்டையில் நாற்பது வயதுக்காரியாக நிதானமாகப் பாடினாள். குதூகலமான பிலஹரி, சோக ராகமான முகாரி மாதிரி அழுதது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து அம்பலவாணரின் மனைவி தங்கம்மா வெளியே வந்தார். அவர் விறாந்தைக்கு வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாஸ்டர், உந்தத் தட்டை இந்தக் கிழமை நான் வைச்சிருக்கட்டே?" என்றார். "அந்தப் பிள்ளை ஒரு இடத்திலை அழுகையை விழுங்கிக்கொண்டு பாடுறா. ஆரைப் பறிகுடுத்தவவோ தெரியேல்லை."

வழக்கப்படி கொடுத்தேன். அடுத்த வாரமும் கேட்டார். அவருடைய மூத்த மகள் மலாயாவில் காய்ச்சலில் போனவள் என்று வேலுப்பிள்ளை பிறகு சொன்னார். பத்துப் பன்னிரண்டு கிழமை அந்தத் தட்டு தங்கம்மாவிடம்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். வந்ததும் தங்கம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நானும் கேட்டேன், வேறு என்ன செய்வது? முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். நீர்வேலிச் சுருதியில், நீர்வேலி வேகத்தில் வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். எங்கள் வீட்டில் அவள் பாடியதை நினைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் கேட்டது.

அன்று எனக்குப் பிடித்த பயம் இன்னும் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாடுகிறவள் என் தங்கை, உயிரோடு இல்லை, அது அழுகையில்லை சிரிப்பு என்றேன். வேலுப்பிள்ளை துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதுவரை அந்த வீட்டில் சுருதிப்பெட்டி இல்லாமல் தட்டு ஓடியதே கிடையாது.

"முதலே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார் அம்பலவாணர். "எங்கடை பிள்ளையெண்டு நினைச்சு வைச்சுக்கொண்டிருந்தம். வாங்கோ, நீங்களே திருகுங்கோ. உங்கடை தங்கச்சி எந்த இடத்திலை நிக்கிறாவோ அந்த இடத்திலை விடுங்கோ."

திருகைப் பிடித்தேன். அதில் போட்டிருந்த எண்கள் எப்போதோ தேய்ந்துவிட்டன. கொஞ்சம் கூட்டினேன், வேறு யாரோ. இன்னும் கூட்டினேன், குழந்தை கீச்சிடுவது போல இருந்தது. குறைத்தேன், தங்கம்மாவின் அழுகை வந்துவிட்டது. மறுபடி கூட்டினேன். ஊசியை எடுத்து எடுத்து அந்தச் சரணத்திலேயே வைத்தேன். ஓரிடத்தில் விம்மல், ஓரிடத்தில் விக்கல். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சிரிப்பு இருக்க வேண்டும். அது எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து கட்டை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது ஐந்தா ஐந்தரையா என்றுகூட அப்போது சந்தேகம் வந்தது. வீட்டில் அவள் சுருதிக்குக் கட்டியிருந்த தம்புராவையும் அவள் போனதும் கொடுத்துவிட்டோம். போதாததற்கு, அந்தக் காலத்துப் பதிவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில் பதியவில்லை என்று அம்பலவாணர் மலாயாவில் கேள்விப்பட்டிருந்தார். அப்படியானால் எண் தெரிந்தும் பிரயோசனமில்லை. தெரிந்த ஆள்தான் வேண்டும்.

தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார், பதிவின்போது அவள் கூடவே நின்ற அப்பா. சித்திரை விடுமுறைக்குத் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அம்பலவாணர் பஸ் ஏற்றிவிட வந்தார். "மலாயாவிலை இருக்கேக்கை ஊர் ஊரெண்டே கிடந்தன் மாஸ்டர்" என்றார். "வந்து பாத்தால் நான் நினைச்சுக்கொண்டிருந்த ஊர் எங்கையும் இல்லை. கனக்க எதிர்பாக்காதேங்கோ." பிறகு, கொஞ்சம் தயங்கி, "தட்டைத் திருப்பிக் கொண்டருவியள்தானே? இவள் தங்கம்மா கேட்டவள்" என்றார்.

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து ஊருக்குப் போனேன். அப்பா ரொம்பத் தளர்ந்திருந்தார். கூடத்தில் ஈஸிசேரில் பகலெல்லாம் படுத்திருக்கிறார். காது மந்தம். சாப்பாட்டுக்குக்கூட அண்ணி அவர் காதருகே போய்க் கத்த வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "கொழும்பிலேருந்து வரியா?" என்றார். யாழ்ப்பாணம் என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்.

எதிர்வீட்டில் பாட்டுப்பெட்டியை இரவல் வாங்கி, ஈஸிசேருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். "மரகதம் பாட்டு அப்பா. சரியான வேகம் எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று காதருகில் சொன்னேன். தட்டை வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது.

"அவதான்" என்றார்.

என் மனம் குதித்தது. ஆனாலும் கணக்கு வாத்தியார் ஒரு விடையைச் சரிபார்க்காமல் விடுவானா? வேகத்தைக் குறைத்தேன்.

"அவதாண்டா. வேற யாரு."

நன்றாகக் கூட்டினேன். எதிர்வீட்டுக் குழந்தைகள் அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டுச் சிரித்தன. அப்பா சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "என் கண்ணு, எப்படிப் பாடறா பாரு" என்றார்.

பெட்டியோடு எதிர்வீட்டுத் தட்டு ஒன்றும் வந்திருந்தது. நாடக மேடைப் பெண் ஒருத்தி பாடியது. தடித்த குரல், ஹார்மோனியப் பின்னணி. அதை எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை என்னை நானே நொந்துகொள்கிறேன். அப்பா அதையும் முழுக்கக் கேட்டார்.

"அவதான்" என்றார்.

நான் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் ஊரில் இருந்தேன். தட்டை அங்கேயே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அங்கே பெட்டி இல்லை. அப்பாவுக்கு அந்தத் தட்டும் வேண்டியதில்லை. தெருவில் எந்தப் பெண் பாடிக்கொண்டு போனாலும் அவருக்கு மரகதம்தான். எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இங்கே மறுபடி சனிக்கிழமைகள் நடக்கின்றன. நானே வேலுப்பிள்ளையைத் துருத்தி போடச் சொன்னேன். நாலு கட்டையில் சேர்த்துத்தான் இப்போது கேட்கிறோம். ஆனால் அவள் குரல் உடையும் அந்த இடம் முன்போல இல்லை. நான் ஊசியை வைத்து வைத்துத் தேடியதில் அந்த இடம் தேய்ந்து, அங்கே வந்ததும் மணல் கொட்டுவது போல ஒரு இரைச்சல், அவ்வளவுதான். தங்கம்மா போன கிழமை கதவோரம் வந்து நின்று, "இனி அழமாட்டாவோ மாஸ்டர்?" என்று கேட்டார். "இல்லையம்மா" என்றேன்.

என்னைப்போல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இதில் சொல்ல எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. அக்கரையில் என் அப்பா யார் குரலைக் கேட்டாலும் என் தங்கை என்கிறார். இக்கரையில் நான் என் தங்கையின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சபையோடு சேர்ந்து தாளம் போட்டுக்கொண்டு, நன்றாகப் பாடும் யாரோ ஒரு பெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.