மாப்பிள்ளைக்கு ஒரு தோட்டா

தலைப்பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது என் கணவர் குடையால் பல்லியைச் சுட ஆரம்பித்தார்.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறையும், சமையலுக்கு ஒரு சின்னத் தடுப்பும் இருந்தன. அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். நான் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாலையில் வீடு திரும்பியதும் அவர் கறுப்புக் குடையின் கைப்பிடியைத் தோளில் பதித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியைக் குறிபார்ப்பார். பல்லி ஓடும். குடை முனையும் கூடவே ஓடும். காலண்டர், அலமாரி, அடுப்படி, அங்கே நிற்கும் நான், மறுபடியும் சுவர்.

"இப்ப என் நெத்தியத் தாண்டிப் போச்சு" என்றேன்.

"எது?"

"குடை முனை."

"அட, குடைதானே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்த்தது பல்லியை மட்டும்தான். பல்லிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் காணும் பொங்கலன்று ஆண்கள் கூட்டமாகக் கிளம்பிப் பாரிவேட்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் முயலோ காடையோதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைதான் அன்றைய முதல் குண்டைச் சுட வேண்டும், அதுவும் மாமனாரின் துப்பாக்கியால். என் அப்பாவுக்கு அவருடைய மாமனார் அப்படிக் கொடுத்தாராம். அப்பாவுக்கு நான் ஒரே பெண். இதற்காக அவர் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் எங்கள் நிலம் பண்ருட்டிக்கு மேற்கே இருந்தது. முன்னால் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்ட கொல்லை, அதற்குப் பின்னால் முந்திரித் தோப்பு, தோப்பைத் தாண்டினால் புதர்க்காடு. காட்டிலிருந்து புள்ளிமான் வந்து கடலைச் செடியை மேய்ந்துவிடும். அதைக் காரணம் காட்டித்தான் அப்பா ரைஃபிளுக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். த்ரீ ஃபிஃப்டீன் ரைஃபிள். என் அண்ணனிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது.

வேட்டை நடக்கும் முறை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் தூக்கம் போனது. பத்துப் பன்னிரண்டு பேர் புதர்க்காட்டின் அந்தப் பக்கம் வரிசையாக நின்று மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு தோப்புக்குள் நடப்பார்கள். சத்தத்துக்கு மிரண்டு மான் கொல்லைக்கு ஓடிவரும். கொல்லையின் இந்தக் கோடியில் துப்பாக்கிக்காரர் உட்கார்ந்திருப்பார். அதாவது மான் வரும் திசையும் ஆட்கள் வரும் திசையும் ஒன்றுதான். முந்திரி மரம் தரையைத் தொடும்படி கிளை விரிப்பது. உள்ளே ஆள் நின்றால் வெளியே தெரியாது. போதாததற்கு, எங்கள் தோப்புக் காவல்காரர் எப்போதும் வரிசைக்கு முன்னால் தனியாக வருவார். "பின்னால நடந்தா டின் சத்தத்துல காது அடைக்குது" என்பது அவருடைய நியாயம்.

போகிக்கு முதல் நாள் நாங்கள் இருவரும் கடலூர் போனபோது, அம்மா மொட்டை மாடியில் தோட்டாக்களைக் காயவைத்திருந்தாள். ஒரு முறத்தில் மிளகாய், ஒரு முறத்தில் வடகம், மூன்றாவது முறத்தில் தோட்டா. கடல் காற்றில் எல்லாமே நமுத்துப் போகும் ஊர் எங்களுடையது. அதனால் தோட்டாவுக்கும் வெயில் காட்டுவார்கள். அண்ணனின் அட்டைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிக் குழலில் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பித்தளைக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கும் ரைஃபிள் தோட்டாவுக்கு வெயிலால் ஒரு நன்மையும் இல்லை. உள்ளே இருக்கும் மருந்து சூடேறுவதுதான் மிச்சம்.

"அம்மா, இத யாரு காயவெச்சது?"

"ஒங்கப்பாதான். காக்கா தூக்கிட்டுப் போவாம பாத்துக்கச் சொன்னாரு."

முறத்தை நிழலுக்கு நகர்த்தினேன். தொட்டுப் பார்த்தால் பித்தளை சுட்டது.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு எவர்சில்வர் தட்டில் தோட்டாக்களை மூன்று குவியலாகப் பிரித்துக் கூடத்தில் வைத்தார். எனக்கு முன்னால்தான் வைத்தார். பெண் இயற்பியல் படித்தவள் என்பதில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது. ரேடியோ கரகரத்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

"நீயே சொல்லு பாப்பா. மாப்பிள்ளைக்கு எது?"

முதல் குவியல் சாலிட். குண்டு முழுவதும் தாமிர உறை போட்டது. இரண்டாவது சாஃப்ட் நோஸ். நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும், உடம்பில் பட்டதும் நசுங்கி விரியும். மூன்றாவது குவியல், வேட்டையை விட்டுவிட்ட ஒரு பழைய சிநேகிதர் கொடுத்துப் போனது. பித்தளையில் பச்சை பூத்திருந்தது.

"சாலிட்தான்" என்றான் அண்ணன். "ஊசி மாதிரி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். தோலும் கெடாது, கறியும் கெடாது."

"அடி வாங்கிட்டு மான் ஒரு மைல் ஓடும். யாரு தேடறது?" என்றார் அப்பா. "சாஃப்ட் நோஸ்னா நின்ன எடத்துல விழும். கறி கொஞ்சம் ஜாஸ்தி சேதம். இருந்துட்டுப் போவட்டும்."

என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். முகத்தில் மட்டும் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு பரபரப்பு.

எதையும் மனதுக்குள் வரிசை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பச்சை பூத்த குவியலை முதலில் தள்ளினேன். வெடிக்காமல் போகலாம், தாமதித்து வெடிக்கலாம், கூடு கிழிந்து கண்ணுக்கு வரலாம். மீதி இரண்டு. சாலிட் மானைத் துளைத்துக்கொண்டு பின்னால் போகும். சாஃப்ட் நோஸ் மானுக்குள்ளேயே நிற்க வாய்ப்பு அதிகம். அங்கே வந்து என் வரிசை நின்றுவிட்டது. மானில் பட்டால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். இவருடைய குண்டு மானில் படவே போவதில்லை. படும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்தக் குடையைப் பார்க்காதவர்கள். படாத குண்டு சாலிட்டாக இருந்தால் என்ன, சாஃப்டாக இருந்தால் என்ன? இரண்டும் மைல் கணக்கில் போகும்.

"அண்ணனோட துப்பாக்கியே போதுமே? எஸ்.ஜி. தோட்டா போட்டா குண்டுக்குப் பதிலா ரவைதான் செதறும், கொஞ்ச தூரத்துலயே வேகம் கொறஞ்சிடும்" என்றேன்.

அப்பாவின் முகம் சுருங்கியது. "அது அவன் துப்பாக்கி பாப்பா. நான் என் கையால குடுக்கணும்ல?"

"ரெண்டு தடவயாவது சுட்டுப் பழகட்டுமே?"

"சீனாச் சண்டைக்கப்புறம் தோட்டா கெடைக்கிறதே குதிரக்கொம்பா இருக்கு. மல்லாட்டையா அது, வாரி எறைக்க?"

"மச்சானுக்குப் பழக்கம் எதுக்கு?" என்றான் அண்ணன். "டிக்கெட் குத்தற கை. குறி வெச்சா குத்திடும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இனி அவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்தது. தடுத்தால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பயந்துவிட்டார் என்று ஆகும். அதை அவரும் மறக்க மாட்டார், என் வீட்டாரும் மறக்க விடமாட்டார்கள்.

கொல்லைக் கோடியில் காவலுக்கென்று போட்ட பரண் ஒன்று இருந்தது. ஒன்றரை ஆள் உயரம். அதிலிருந்து சுட்டால் குழல் கீழ் நோக்கி இருக்கும். மானைத் தவறவிட்ட குண்டு கொஞ்ச தூரத்திலேயே மண்ணில் இறங்கும். ஆனால் எங்கள் மண் செம்மண். காய்ந்தால் கல். காய்ந்த தரையில் பட்ட குண்டு தெறித்து எழும்பலாம். கடலை பிடுங்கும் முன் மண் இளகுவதற்காகத் தண்ணீர் கட்டுவார்கள். அதை ஒரு வாரம் முன்கூட்டிச் செய்தால் யாருக்கு நஷ்டம்?

"சாஃப்ட் நோஸ்" என்றேன் அப்பாவிடம். "பரண்மேல ஒக்காந்துதான் சுடணும். நீங்களும் கூட ஒக்காரணும். மொத நாளே கொல்லைக்குத் தண்ணி கட்டிடணும். ஒரே ஒரு தோட்டா."

"ஒண்ணா?" என்றான் அண்ணன். "மான்கிட்ட சொல்லி அனுப்பிச்சிட்டியா, அசையாம நில்லுன்னு?"

அப்பா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வேட்டி முனையில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காணும் பொங்கலன்று பெண்கள் சோற்று அடுக்குகளோடு மோட்டார் கொட்டகையில் தங்கிவிட்டோம். அங்கிருந்து பரண் தெரியாது. பனைமர வரிசை மறைக்கும். கிளம்பும் முன் காவல்காரரைப் பிடித்து, "இன்னிக்கு ஒரு நாளாவது வரிசையோட வாங்க" என்று கெஞ்சினேன்.

"பாப்பா, ஒங்கப்பாவோட மாமனாரு காலத்துலேந்து முன்னாலதான் வரேன். மானுக்கே என்னத் தெரியும்" என்று தகர டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் டின் சத்தம் தூரத்து மழை போலக் கேட்டது. பிறகு தனித்தனியாகப் பிரிந்தது. அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்கு மூடிகளைத் திறந்து சரிபார்த்தேன். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு. மூடினேன். மறுபடி திறந்தேன். வரிசையைவிட ஒரு டின் மட்டும் கிட்டத்தில் ஒலித்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கொக்குகள் எழும்பின.

உடனே கிட்டத்தில் ஒலித்த டின் நின்றது. அதைக் கேட்டு மற்ற டின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"விழுந்துடுச்சி போல" என்றாள் அம்மா, கரண்டியோடு.

மான் விழுந்தால் டின்னை இன்னும் வேகமாகத் தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். ஒரு சத்தமும் இல்லை. நான் எழுந்தேன். ஓடவில்லை. ஓடினால் அம்மா பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரப்பில் நடந்தேன். வரிசையாக யோசிக்க முயன்றேன். கொட்டகையில் துணி இருக்கிறது. மாட்டு வண்டி இருக்கிறது. பண்ருட்டியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. பனைமரங்களைத் தாண்டியதும் பரணைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். ரைஃபிள் அவர் கையில் இருந்தது. என் கணவர் உட்கார்ந்தபடியே தோப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பு ஓரத்தில் காவல்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கையை எடுத்தார். முகமெல்லாம் சேறு. துப்பினார்.

"மாப்ளே! மானக் காட்டுனா மண்ணச் சுடறீங்களே! வாயெல்லாம் சேறு!"

முதலில் அண்ணன் சிரித்தான். பிறகு தோப்புக்குள்ளிருந்து எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். மான் எப்போதோ போயிருந்தது.

"மச்சான் அதுக்கு டிக்கெட் குடுத்து அனுப்பிட்டாருப்பா" என்றான் அண்ணன். "இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருக்கும்."

நான் ஈரக் கொல்லைக்குள் இறங்கினேன். செடிகளுக்கு நடுவே ஒரு குழி, அதைச் சுற்றிச் சேறு சிதறியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் காவல்காரரின் காலடிகள் வந்து நின்றிருந்தன. என் கணவரும் பரணிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். குழியைப் பார்த்தார், பிறகு காலடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எதையும் அளந்து பார்க்கிற நான் அந்த இடைவெளியை மட்டும் அளக்கவில்லை.

அன்று நாட்டுக்கோழிக் குழம்பு. மஞ்சக்குப்பம் வீட்டில் சாப்பிடும்போது என் கணவர் அப்பாவிடம், "அடுத்த பொங்கலுக்கு நான் டின்னு தட்டறேன் மாமா. காவக்காரரு கூடவே வரேன்" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"அப்ப பரண்ல நானு" என்றான் அண்ணன். "சாலிட் போட்டுக் காட்டறேன், எப்படிச் சுடறதுன்னு."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றது. அண்ணன் எப்படிச் சுடுவான் என்று எனக்குத் தெரியும். என் கணவரைவிடக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டேன். "ரைஃபிள் போல்ட்ட குடுங்கப்பா. உப்புக் காத்துல துரு ஏறியிருக்கு. லேப்ல நல்ல எண்ணெய் இருக்கு, தொடச்சுக் கொண்டாரேன்."

போல்ட் இல்லாத ரைஃபிள் வெறும் இரும்புக் குழாய். வீட்டில் எண்ணெய் இருக்கிறது, போல்ட்டில் துரு இல்லை. இரண்டும் அப்பாவுக்குத் தெரியாதா? உள்ளே போனார். போல்ட்டைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பையின் அடியில் அவரே வைத்தார்.

"அவசரமில்ல பாப்பா" என்றார். "மெதுவா தொடச்சி முடி."

அடுத்த பொங்கலுக்கான மார்கழியும் பிறந்துவிட்டது. போல்ட் இன்னும் எங்கள் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அண்ணன் இரண்டு முறை கேட்டு அனுப்பிவிட்டான். இன்னும் துடைத்து முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.