"போ" என்று அவர் சொல்லவில்லை

மாலை நான்கு பத்துக்கு மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது, நிர்மலா தோள்பையை மாட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொம்மலூர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி. இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில் அவள் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் என்று அப்போதுதான் போன் வந்திருந்தது.

ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்த மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்."

"கேட்கவே வருத்தமாக இருக்கிறது. சீக்கிரம் குணமாகட்டும்" என்றார். சற்றுக் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். பிறகு அவர் திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

"கிளம்புடி" என்று கிசுகிசுத்தேன்.

"அவர் 'போ'ன்னு சொல்லலையேக்கா."

"நீ கேளேன்."

"அதான் சொல்லிட்டேன்ல? இதுக்கு மேல வாய்விட்டு வேற கேக்கணுமா? நல்லாவா இருக்கும்?"

மீட்டிங் முடிந்து ஐந்தரைக்குத்தான் கிளம்பினாள். அன்றே அவள் அப்பா இறந்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "போக வேண்டும் என்று நிர்மலா கேட்கவில்லையே. வளர்ந்த பெண்ணிடம் போ என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார். அவர் ஊரில் தேவையைக் கேட்டுவிடுவதுதான் மரியாதை. நம் வீடுகளில் கஷ்டத்தைச் சொன்னால் போதும். "போய்ட்டு வாம்மா" என்பது பெரியவர் வாயிலிருந்து வர வேண்டும்.

இப்போதெல்லாம் யாராவது வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொன்னால், "இவர் உடனே கிளம்ப வேண்டும்" என்று மேலாளரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

நிர்மலா வீடு போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. ஏழு மணி வரை அப்பா பேசிக்கொண்டிருந்தாராம்.