பலகையில் முன்னால் போனவள்

எழுபதுகளில் தூத்துக்குடி மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். ஊரில் எனக்கு 'கால் பிடித்துவிடுகிற அம்மா' என்று பெயர். கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது என்னிடம் வந்த ஒரு நோயாளி துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். கரைக்கும் தோணிக்கும் இடையில் போட்ட பலகையில் வலது கரண்டைக்கால் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கணு எலும்பைப் பாதத்தோடு கட்டி நிறுத்துகிற நார் கிழிந்துவிட்டது. சுளுக்குதானே என்று ஒரு வாரம் அதே காலோடு சுமை தூக்கியிருக்கிறார். வந்தபோது கணு இருந்த இடமே தெரியவில்லை. கடுமையாகத் திட்டினேன்.

வீக்கம் வடியும்வரை கட்டு. பிறகு பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, குதிகாலைத் தூக்கி நிற்பது. இருபது தடவை என்றால் இருபதுதான். பத்தொன்பதும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை. அப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடாமல் நின்றார்.

"அண்ணாச்சி, குணமாயிடுச்சு. வேலைக்குப் போங்க" என்றேன் பெருமையாக.

"இங்கன சரிதாம்மா. அங்கன தரை சும்மா கெடக்காது. முன்னால போறவன் மிதிச்சா பலகை கீழ போயி மேல வரும். அந்த நேரம் பாத்து நம்ம கால் விழணும். தப்பிட்டுன்னா பின்னால வாரவனும் கடல்லதான்."

மேஸ்திரி பலகையில் ஏற்றிப் பார்ப்பாராம். கால் தடுமாறினால் வரிசையில் இடம் கிடையாது. கரையில் உட்கார்ந்து சாக்குதான் தைக்க வேண்டும். "அது என்னால ஆவாதும்மா" என்றார். நான் படித்த படிப்பில் ஆடுகிற பலகை இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் வராந்தாவில் இரண்டு பெஞ்சுகளின் மேல் நீளப் பலகை போடச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நான். தோளில் மணல் மூட்டையோடு பின்னால் அவர். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் நாள் இரண்டு பேருமே விழுந்தோம். "இன்னும் ஓங்கி மிதிங்கம்மா" என்பார். பத்து நாள் மிதித்தேன்.

சோதனை நாளில் நானும் துறைமுகத்துக்குப் போனேன். வரிசையில் மூன்றாவதாக மூட்டையோடு ஏறினார். முன்னால் போனவர் மிதிக்க, பலகை அமுங்கி எழுந்தது. நான் அந்தக் கணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை எழுந்த நொடியில் பாதம் பதிந்தது. அடுத்த அடியும் அப்படியே. தோணியில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"ஏலே, ஒன் எடத்துல நில்லு" என்றார் மேஸ்திரி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷர்! என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னார்:

"நீங்க மிதிச்ச மிதிக்கு இவன் மிதிக்கதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுக்கப் போய்விட்டார்.